குற்றாலத்தில் தண்ணீர் படாத நாய்

எனக்கு அந்தக் குட்டியைக் கொடுத்தது ஒரு துரை. உலகத்தின் இரண்டாவது பெரிய சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷங்கள் அவை. மலையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்தார். சீசனுக்கு இறங்கி வந்து குற்றாலத்தில் ஒரு பங்களாவில் தங்குவார். அவருக்கு முழங்கால் வலி. எனக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற தொழில். ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் பேரருவிக் கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்து உருவிவிடுவேன். மற்ற மாதங்களில் மேலகரத்தில் வயல் வேலை.

ஒரு சீசனில் நான் தேய்த்ததில் துரையின் முழங்கால் வலியில்லாமல் மடங்கத் தொடங்கியது. மலைக்குத் திரும்புகிற அன்று அந்தச் சந்தோஷத்தில் ஒரு குட்டியைத் தூக்கி என் கையில் வைத்தார். அவருடைய பெட்டை நாய் பங்களாவிலேயே குட்டி போட்டிருந்தது. நல்ல கறுப்பு. வால் அடியில் தடித்து நுனியில் மெலிந்திருந்தது. பாதம் மட்டும் உடம்புக்குச் சேராத பெரிசு.

"லாப்ரடார்" என்றார் துரை. எனக்கு விளங்கவில்லை. அது ஜாதிப் பெயர் என்று அவருடைய பட்லர் சொன்னான்.

"நாய்க்கும் ஜாதியாவே?"

"துரைமாரு வீட்டுல மொதல்ல நாய்க்குத்தான்வே ஜாதி பாப்பாவ."

துரை அவன் மூலம் எனக்கு இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, தீனி அளவாகப் போடு, எவ்வளவு போட்டாலும் இன்னும் கேட்கும். இரண்டு, தண்ணீரைக் கண்டால் விழும், விட்டுவிடு, அது தண்ணீர் நாய். எண்ணெயைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு எப்படித் தோன்றும்?

வீட்டில் என் மனைவி குட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நாயா? இங்கன எதுக்கு?"

நான் பதில் சொல்வதற்குள் குட்டி கழுநீர்ப் பானையில் ஏறித் தலைகீழாக விழுந்துவிட்டது. பின்னங்கால் இரண்டும் வெளியே உதைத்தன. அவள் வாலைப் பிடித்துத் தூக்கினாள். அது கழுநீர் சொட்டச் சொட்ட அவள் முகத்தை நக்கியது. அவள் சிரித்தாள். அதற்குப் பிறகு எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

பெயர் வைக்கவில்லை. அவள் "ஏலே" என்று கூப்பிடுவாள். அதுவே பெயராகிவிட்டது. அவள் வாசலில் நின்று கூப்பிட்டால் தெருவில் போகிற ஆம்பிளைகள் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நாயும் வரும்.

தீனி விஷயத்தில் துரை சொன்னது நடக்கவில்லை. காலையில் பழையது. மத்தியானம் கஞ்சியும் கருவாட்டுத் தலையும். ராத்திரி எங்கள் இருவர் தட்டில் மிச்சம். இதற்கு நடுவில் பலாச்சுளை, தேங்காய்ச் சில்லு, பக்கத்து வீட்டுக் கோழித் தீனி. நான் ஒருநாள் துரை சொன்னதை ஞாபகப்படுத்தினேன்.

"பசிக்குன்னு வாயைத் தொறந்து கேக்கான். குடுக்காதன்னா அந்தத் துரைக்கு நெஞ்சுல என்ன இருக்கு?" என்றாள்.

வயிறு பானை மாதிரி ஆனது. பூச்சி விழுந்தது. வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டி வைத்தோம். இந்தக் கசப்புக்கு எந்த நாயும் வாயைத் திறக்காது என்று இரண்டு பேரும் பிடிக்கத் தயாராக உட்கார்ந்தோம். அது தானாக வந்து உருண்டையை விழுங்கியது. விழுங்கிவிட்டு அம்மியை நக்கியது. அவள் வேப்பிலையையும் ஒளித்து வைக்க வேண்டியதாயிற்று.

பூச்சி போனது, வயிறு இறங்கியது. மழை நின்ற மாதங்களில் உண்ணி பிடித்தது. சாயங்காலம் வயலிலிருந்து வந்ததும் அதைப் படுக்க வைத்து உண்ணி பொறுக்குவேன். கொட்டாங்கச்சியில் மண்ணெண்ணெய் வைத்து அதில் போடுவேன். அது கண்ணை மூடிக்கொண்டு காலை நீட்டும். ஒரு பக்கம் முடிந்ததும் தானே புரண்டு மறுபக்கத்தைக் காட்டும். வேலை அலுப்பு அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். எங்களுக்கு உண்டு, அதற்கும் உண்டு. எங்கள் பக்கத்தில் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற முறை ஒன்று இருக்கிறது. பெண்பிள்ளை காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் கால்மேல் போட்டுக்கொள்வாள். உச்சியில் எண்ணெய் வைத்து உடம்பெல்லாம் உருவி, மூக்கில் ஒரு சொட்டு, காதில் இரண்டு சொட்டு விட்டு ஊதுவாள். அப்புறம் வெந்நீர். அப்புறம் சாம்பிராணிப் புகை. அவள் நாய்க்கு ஒன்றும் குறைக்கவில்லை. எண்ணெய் நான் அருவிக்கரைக்கு வைத்திருக்கிற நல்ல செக்கு எண்ணெய். மூக்கில் விட்டால் அது தும்மும். அவள் "நூறு" என்று ஆயுசுக்கு வாழ்த்துவாள். காதில் விட்டால் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருக்கும். வெயிலில் அதன் உடம்பு கண்ணாடி மாதிரி மின்னும்.

நாய் வளர்ந்தது. அவள் கால் வளரவில்லை. ஆனாலும் சனிக்கிழமை அவள் முற்றத்தில் காலை நீட்டினால் போதும், எங்கிருந்தாலும் வந்து குறுக்கே விழும். தலை ஒரு பக்கம் தரையில், பின்கால் மறுபக்கம் தரையில். "எந்திரிலே, காலு மரத்துப் போச்சு" என்பாள். எழுந்திருக்காது. அவளும் தள்ளமாட்டாள்.

மறு ஆனி வந்தது. சாரல் விழுந்தது. நாய் என்னோடு அருவிக்கரைக்கு வரத் தொடங்கியது. ஜனங்கள் குளிக்கிற இடத்தில் விடமாட்டார்கள். கீழே தண்ணீர் ஓடைபோல இறங்கித் தேங்குகிற இடத்தில் விட்டுவிடுவேன். காலையில் விழுந்தால் மத்தியானம்தான் ஏறும். மட்டை, கம்பு, யாரோ விட்ட ஈரத் துண்டு எல்லாவற்றையும் வாயில் கவ்விக்கொண்டு வந்து என் முன்னால் வைக்கும். நான் ஆளுக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருப்பேன். துண்டுக்குச் சொந்தக்காரர் வந்து கேட்பார். அது அவரிடம் கொடுக்காது, என்னிடம்தான் கொடுக்கும்.

அருவிக்கரையில் வடைத் தட்டு வைத்திருந்த அண்ணாச்சிதான் அதற்குச் சத்துரு. அது வடையைத் திருடியது கிடையாது. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து எச்சில் ஒழுக வடையையே பார்க்கும்.

"வேய், இதை இங்கன இருந்து கூட்டிட்டுப் போரும். வடை வாங்க வந்தவன் எல்லாம் இது மூஞ்சியைப் பாத்துட்டு இதுக்கு வாங்கிப் போடுதான். அவனவன் திங்கதில்ல."

"உமக்கு யாவாரம்தானவே அண்ணாச்சி?"

"யாவாரம்தான். ஆனா என் வடைக்கு ஒரு மருவாதி இருக்குல்லா?"

ஆனி முடிவதற்குள் நாய் தலையைச் சாய்க்கத் தொடங்கியது. இடது பக்கமாக. பிறகு தலையை உதறியது. காது இரண்டும் கன்னத்தில் பட் பட் என்று அடிக்கும். மனைவி கண்ணூறு என்றாள். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடி வரவில்லை, அதனால் கண்ணூறுதான் என்றாள். உதறல் நிற்கவில்லை. காது வலி என்று கண்டுபிடித்தாள். காது வலிக்கு எங்கள் வீட்டில் ஒரே மருந்து. எண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, இளஞ்சூட்டில் காதில் விடுவது. விட்டாள். காலையும் சாயங்காலமும் விட்டாள். நான்தான் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

ஒருநாள் காலையில் பழையதை வைத்தாள். நாய் வரவில்லை. மூலையில் படுத்தபடி சட்டியைப் பார்த்தது, எழுந்திருக்கவில்லை. அம்மியை நக்கின நாய் அது. இடது பக்கம் உட்கார்ந்து மெதுவாக "ஏலே" என்றேன். திரும்பவில்லை. வலது பக்கம் போய்ச் சொன்னேன். வால் ஒருதரம் தரையில் தட்டியது. குனிந்து இடது காதைத் தூக்கிப் பார்த்தேன். சிவந்து வீங்கி, கறுப்பாக ஏதோ வடிந்தது. அழுகின நாற்றம்.

"தென்காசிக்குப் போவோம்" என்றேன்.

"அது மாட்டாஸ்பத்திரில்லா?"

"ஆமா."

"மாட்டைப் பாக்கவருக்கு நாயைத் தெரியுமா?"

"காது எல்லாத்துக்கும் காதுதான். வா."

சாரல் பெய்துகொண்டிருந்தது. நாயை ஒரு சாக்கில் சுற்றித் தோளில் போட்டேன். கனம். அவள் ஓலைக்குடையை நாய் தலைக்குமேல் பிடித்தபடி பக்கத்தில் நடந்தாள். எனக்குக் குடை இல்லை, அவளுக்கும் இல்லை. எதிரே வண்டியில் வந்தவன் நிறுத்தினான்.

"என்னவே, நாய்க்குக் குடை பிடிக்கிற காலம் வந்துட்டா?"

"வந்துட்டு. நீ ஓட்டு" என்றாள் என் மனைவி.

ஆஸ்பத்திரியில் காளைகள் கட்டியிருந்தன. டாக்டர் கொஞ்சம் வயசானவர். நாயை மேசையில் கிடத்தச் சொன்னார். காதைத் தூக்கினார். முகர்ந்தார். பஞ்சைக் குச்சியில் சுற்றி உள்ளே விட்டு எடுத்தார். இன்னொன்று விட்டார். இன்னொன்று. பஞ்சு தீர்ந்து உள்ளே போய் வேறு கொண்டுவந்தார்.

"இது காதாவே, செக்கா?"

கறுத்த பஞ்சை எங்கள் முன்னால் நீட்டினார்.

"யாரு எண்ணெய் விட்டது?"

"நாந்தான்யா" என்றாள் அவள். "கொழந்தைக்கு விடுத மாதிரி..."

"கொழந்தைக்கே விடப்பிடாதுன்னு நான் கத்துதேன். என் வீட்டுலயே கேக்க மாட்டுக்காவ. உங்கிட்ட என்னம்மா சொல்ல?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு விளக்கினார். இந்த நாய்க்குக் காது மடிந்து தொங்குகிறது, மூடி போட்ட மாதிரி. உள்ளே காற்று போகாது. எண்ணெய் ஊறி, அதன்மேல் அருவித் தண்ணீரும் போய்த் தேங்கி, மூடியும் போட்டால் உள்ளே புண் வைக்கும். வைத்துவிட்டது. இன்னும் உள்ளே இறங்கினால் அந்தக் காது போகும். அதற்கும் உள்ளே இறங்கினால் நாயே போகும்.

அவள் குடையைச் சுவரில் சாத்தினாள்.

"பொழைக்குமாய்யா?"

"நான் சொல்லுதபடி செஞ்சா பொழைக்கும். தினம் பஞ்சால தொடைச்சு இந்த மருந்துப் பொடியைத் தூவணும். காதை மடக்கி மேலே கட்டி வையி, காத்து போகட்டும். எண்ணெய் ஒரு சொட்டு கூடாது. தண்ணியும் ஒரு சொட்டு படக்கூடாது."

"நாங்க குத்தாலத்து ஆளுங்கய்யா" என்றேன். "ஊரே தண்ணி. இது தண்ணி நாயி."

"அப்பம் கஷ்டந்தான்" என்றார் டாக்டர். காளையைப் பார்க்கப் போய்விட்டார்.

வீட்டில் அவள் தன் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்தாள். இரண்டு காதையும் தூக்கி உச்சியில் சேர்த்துக் கட்டினாள். முடிச்சு கொண்டைபோல நின்றது. எண்ணெய்ச் சீசாவை என் கையில் கொடுத்து, "இதை வெளிய வச்சிட்டு வீட்டுக்குள்ள வாங்க" என்றாள். அன்றிலிருந்து என் தொழில் சாமான் எல்லாம் மாட்டுத் தொழுவத்தில்.

தெருவே வந்து பார்த்தது.

"ஏட்டி, மாப்பிள்ளைக்குத் தலைப்பா கட்டிட்ட, பொண்ணு எங்க?"

"கடையநல்லூர்ல பாத்திருக்கு. நீ பந்தலுக்கு வா" என்பாள் அவள். சிரிக்கமாட்டாள்.

நாய்க்கு வலி குறைந்தது. சட்டிக்கு வரத் தொடங்கியது. அதுதான் எங்களுக்குச் சிரமமானது. வலி இருக்கும்வரை பேசாமல் கிடந்தது. தெம்பு வந்ததும் தண்ணீரைத் தேடியது. கூரையிலிருந்து சொட்டினால் அதன் கீழே போய் நிற்கும். குடத்தைக் கண்டால் தலையை விடும். வாசலில் தேங்கின தண்ணீரைப் பார்த்து அழும். அவள் குடத்தை எல்லாம் உறியில் கட்டித் தொங்கவிட்டாள். நாற்று நடக் கூப்பிட்டார்கள், போகவில்லை. நடு வீட்டில் நாயோடு உட்கார்ந்திருந்தாள். வெளியே இறக்கினால் குடை.

சனிக்கிழமை வந்தது. அவள் சும்மாதான் காலை நீட்டி உட்கார்ந்தாள். கொண்டைத் தலையோடு நாய் வந்து குறுக்கே விழுந்தது. கண்ணை மூடிக் காத்திருந்தது. அவள் வெறும் கையால் உருவிவிட்டாள். எண்ணெய் இல்லாத வெறும் கை. ரொம்ப நேரம் உருவினாள். நான் தொழுவத்துப் பக்கம் போய்விட்டேன்.

ஆடி நடுவில் அருவியில் நல்ல கூட்டம். விருதுநகர்ப் பக்கத்து வியாபாரி ஒருவர் என் பலகையில் குப்புறப் படுத்திருந்தார். பெரிய முதுகு. பாதி தேய்த்திருப்பேன். தூரத்தில் ஜனங்கள் விலகினார்கள். நடுவில் சிவப்புக் கொண்டை ஒன்று வருவது தெரிந்தது. கழுத்தில் அறுந்த கயிறு. வீட்டிலிருந்து என் எண்ணெய் வாடையைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டியது. ஆட்டிவிட்டு, நேராக ஓடையைப் பார்த்துப் போனது. என்னிடம் வரவில்லை.

நான் பாய்ந்தேன். பின்னால் வியாபாரி கத்தினார்.

"ஏய்யா, பாதி முதுகுல விட்டுட்டு எங்கன ஓடுதீரு?"

கழுத்தைப் பிடித்தேன். என் கையில் முழங்கை வரைக்கும் எண்ணெய். நழுவியது. இடுப்பைப் பிடித்தேன். நழுவியது. வாலைப் பிடித்தேன், அது வாழைத்தண்டு மாதிரி கையைவிட்டு உருவிக்கொண்டு போனது. இருபது வருஷமாக எத்தனை முதுகைப் பிடித்த கை. ஒரு நாயைப் பிடிக்க முடியவில்லை. தண்ணீருக்கு நாலு எட்டுதான் இருந்தது. ஜனங்கள் சிரித்தார்கள். எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

"அண்ணாச்சி! தண்ணிக்கு விடாதேயும்!"

வடை அண்ணாச்சிக்கு விஷயம் தெரியும். ஊருக்கே தெரியும். அவர் ஒன்றும் யோசிக்கவில்லை. தட்டைத் தூக்கி, தண்ணீருக்கும் நாய்க்கும் நடுவில் பாறைமேல் அப்படியே கவிழ்த்தார். அப்போதுதான் எடுத்த வடை.

நாய் நின்றது. தண்ணீரைப் பார்த்தது. வடையைப் பார்த்தது. மறுபடியும் தண்ணீரைப் பார்த்தது. பிறகு உட்கார்ந்து தின்னத் தொடங்கியது. அருவிச் சாமியே வந்து கூப்பிட்டாலும் எழுந்திருக்காது என்கிற மாதிரி தின்றது. மேலே மரத்திலிருந்து குரங்குகள் இறங்கி ஆளுக்கொன்று எடுத்தன. நான் என் வேட்டியால் கையைத் துடைத்துக்கொண்டு கயிற்றைப் பிடித்தேன்.

"மொத்தத் தட்டும் போச்சுவே" என்றார் அண்ணாச்சி. "இப்பம் சொல்லும். என் வடைக்கு மருவாதி உண்டா இல்லியா?"

"உண்டு அண்ணாச்சி."

"சத்தமாச் சொல்லும். அந்தா, குளிக்கவன் காதுல விழட்டும்."

சத்தமாகச் சொன்னேன். வியாபாரி பாதி முதுகு மின்ன எழுந்து வந்து, தட்டில் ஒட்டியிருந்த கடைசி வடையை எடுத்துத் தின்றுவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.

அதற்குள் என் மனைவி ஓடிவந்தாள். தலை அவிழ்ந்து சேலை எல்லாம் சேறு. கையில் அறுந்த கயிற்றின் மறுபாதி. நேராக நாய்க்கு முன்னால் மண்டியிட்டாள். முடிச்சை அவிழ்த்துக் காதுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள். காய்ந்திருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நாய் அவள் மடியில் வடைத் துணுக்கு இருக்கிறதா என்று தேடியது.

ஆவணி கடைசியில், சீசன் முடிந்ததும் தென்காசிக்குப் போனோம். இந்தத் தடவை நாய் நடந்தே வந்தது. டாக்டர் பஞ்சை விட்டு எடுத்தார். வெள்ளையாக வந்தது. இன்னொன்று விட்டார். அதுவும் வெள்ளை. நாய்க்குத் தெரியாமல் இடது பக்கம் நின்று சாவியைத் தட்டினார். நாய் சட்டென்று திரும்பியது. தீனி என்று நினைத்திருக்கும்.

"காது நல்லாக் கேக்கு" என்றார். "மாட்டைக் கொண்டு வாரவங்ககூட இவ்வளவு சொன்னபடி கேட்டதில்ல. தண்ணிக்கு விடலாம். விட்டா உடனே தொடைச்சிரணும். எண்ணெய்?"

"கூடாது" என்றோம் இரண்டு பேரும்.

திரும்புகிற வழியில் சிற்றாற்றுப் பாலம். ஆறு நிறைய ஓடியது. நாய் நின்றுவிட்டது. இழுத்தேன், வரவில்லை. உடம்பெல்லாம் ஆடியது. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள்.

"இன்னைக்கு வேண்டாம்" என்றாள். "நாளைக்குப் பாப்போம்."

"சரி" என்றேன்.

நாலடி நடந்திருப்போம். அவள் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. குனிந்து அந்தச் சிவப்புத் துணியை அவிழ்த்தாள். பிறகு கயிற்றையும் அவிழ்த்தாள்.

"போலே" என்றாள்.

அது போனது. ஓடின மாதிரி தெரியவில்லை, எறிந்த மாதிரி இருந்தது. படித்துறைக்குமேலேயே நாலு காலும் விரித்துப் பறந்து வயிறு அடிக்க விழுந்தது. துவைத்தவர்கள் மேலெல்லாம் தண்ணீர். ஒருத்தி ஏசினாள். என் மனைவி கும்பிட்டுக்கொண்டே சிரித்தாள். முங்கி எழுந்தது. வட்டம் அடித்தது. மிதந்து வந்த தேங்காய் மட்டை ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து அவள் காலடியில் போட்டது. எப்போதும் என்னிடம்தான் கொடுக்கும். அன்று அவளிடம் கொடுத்தது. அவள் எறிந்தாள். எறியத் தெரியவில்லை, கரைக்குப் பக்கத்திலேயே விழுந்தது. அதையும் நீந்தி எடுத்து வருகிற மாதிரி எடுத்து வந்தது.

ஏறி வந்ததும் முந்தானையால் இடது காதைத் துடைத்தாள், வலது காதைத் துடைத்தாள். துடைத்து முடிப்பதற்குள் மறுபடியும் விழுந்தது. மறுபடியும் துடைத்தாள். அவள் நனைந்து போயிருந்தாள். இருவரில் யார் ஆற்றில் விழுந்தது என்று சொல்ல முடியாது.

எனக்கு அன்று வயலில் மடை திறக்கிற வேலை இருந்தது. நேரம் தாண்டிப் போனது. நான் படியில் உட்கார்ந்திருந்தேன்.